மெசின் ஸ்ரார்ட் வராத காலையில்...



இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் சேமிப்பு, சட்ட ஆவணங்கள், பிள்ளைகளின் படிப்பு, மனச்சுமை என்று எழுதி வருகிறேன். இம்முறை ஒரு எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் சின்ன மெசினைப் பற்றி. பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். எஞ்சினைப் பற்றி எனக்கு அங்கே எவரும் சொல்லித் தரவில்லை. இங்கே எழுதுவதெல்லாம் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் இரண்டு பெண்களிடம் இருந்து நான் கற்றுக்கொண்டவை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஆனி மாதத்தில் ஒருநாள், முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்களைச் சந்தித்துப் படிவம் நிரப்புகின்ற வேலை. சோளகம் மண்ணை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. நான் போன வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கணவர் 2009இல் காணாமற் போனவர். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தார். காலை எட்டு மணிக்கே கன்றுகள் இலை சோர்ந்து நின்றன.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: "வழங்கப்பட்ட உபகரணம் பயன்பாட்டில் உள்ளதா?" அந்த வீட்டுக்கு 2012இல் ஒரு நிறுவனம் இரண்டு அங்குல நீரிறைக்கும் மெசின் ஒன்று கொடுத்திருந்தது. எங்கே என்று கேட்டேன். மாட்டுக்கொட்டிலின் மூலையில் உரப்பையால் மூடிக் கிடந்தது.

"அது கிடக்குது மிஸ். ஸ்ரார்ட் வருகுதில்லை. இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நோ எடுத்ததுதான் மிச்சம்."

"திருத்தக் குடுக்கேல்லையோ அக்கா?"

"பழுதெண்டும் சொல்லேலாது. பக்கத்து வளவுக்காரர் வந்து இழுத்தால் சில நாள் வரும். நான் இழுத்தால் வராது."

பிறகு பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"முதல் விடியக்காலமை வந்து ஸ்ரார்ட் பண்ணித் தந்திட்டுப் போவார். பிறகு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார். பிறகு இருந்து கதைக்கத் தொடங்கினார். இப்ப பொழுதுபட்டாப் பிறகுதான் தனக்கு நேரமெண்டுறார். மூத்தவள் பெரிய பிள்ளை மிஸ். ஊர் என்ன கதைக்கும்? அதுதான் கூப்பிடுறதையே விட்டிட்டன். நானும் பிள்ளையளும் வாளியால அள்ளி ஊத்துறம்."

அரை ஏக்கருக்கு வாளியால் அள்ளி ஊற்றுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூத்த மகள் அன்றைக்குப் பாடசாலைக்குப் போகவில்லை. அவளுடைய உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்திய வருடமும் அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அதே கேள்விக்கு "ஆம்" என்று அடையாளம் இட்டவளும் நான்தான். மெசினைக் கண்டேன். அது ஓடுகிறதா என்று கேட்கவில்லை. அறிக்கையில் அந்த அக்கா "இயந்திரம் மூலம் பயனடைந்த பெண்தலைமைக் குடும்பம்" என்று எண்ணப்பட்டிருக்கிறார்.

அப்போது சின்ன மகள் சொன்னாள்: "அம்மா, தைக்கிற அன்ரிக்கு மெசின் வேலை தெரியும்."

அக்கா தயங்கினார். அந்தத் தங்கச்சி என் வயதுக்காரி. முன்னர் இயக்கத்தில் இருந்தபோது வாகனம் திருத்தும் இடத்தில் வேலை செய்தவள். 2009க்குப் பின்னர் புனர்வாழ்வு முடித்து வந்தபோது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி தையல். பழைய வேலையைப் பற்றி ஊரில் அவள் வாய் திறப்பதில்லை. திறந்தால் பழையதெல்லாம் கிளறப்படும் என்ற பயம் அவளுக்கு. அவளோடு நெருங்கிப் பழகினால் விசாரணை அது இதென்று வருமோ என்ற பயம் ஊருக்கு. சின்னவள் எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தவள் கயிற்றைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, கடைசியா ஓடின நாள் இதை எப்பிடி நிப்பாட்டினீங்கள்?"

"சுவிச்சை ஓஃப் பண்ணி."

"மண்ணெண்ணெயில ஓடிக்கொண்டிருக்கேக்கையோ?"

"ஓம்."

"அதுதான் காரணம். மெசின்ல பழுதில்லை."

கால் மணித்தியாலத்தில் மெசின் ஓடியது. கயிற்றை இழுத்தவர் அந்த அக்கா. தங்கச்சி அருகில் நின்று சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் இரண்டுபேரும் மண்வெட்டியோடு பாத்தி கட்ட ஓடினார்கள். நான் படிவத்தின் பின்பக்கத்தில் அவள் சொன்னவற்றை எழுதத் தொடங்கினேன். பின்னர் வேறு ஊர்களில் மெசின் திருத்துபவர்கள் சிலரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். அவற்றைத்தான் கீழே தருகிறேன்.

ஏன் வரவில்லை?

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று விடயம் வேண்டும்: எரிகின்ற எண்ணெய், அதைப் பற்றவைக்கும் பொறி, மூச்சு விடக் காற்று. எங்கள் மெசின் எழும்பாவிட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது என்றுதான் அர்த்தம். கயிற்றை இன்னும் பலமாக இழுப்பதால் அந்தக் குறை தீராது.

எங்கள் பக்கத்து மெசின்களில் பல, பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுபவை. பெற்றோல் குளிர்ந்த எஞ்சினுக்குள்ளும் இலேசாக ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. அதற்குச் சூடு வேண்டும். பெற்றோமாக்ஸ் லைற்றைக் கொளுத்த முன்னர் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்குவார்களே, அதே காரணம்தான். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிச்சை நிறுத்தினால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்த நாள் காலை குளிர்ந்த எஞ்சினுக்கு முதலில் போவது அந்த மண்ணெண்ணெய்தான். நூறு முறை இழுத்தாலும் வராது. பக்கத்து வளவுக்காரருக்குச் சில நாள் வந்ததற்குக் காரணம் அவருடைய பலம் அல்ல. அவர் காபரேற்றரின் அடித்திருகைத் திறந்து பழைய எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் இழுத்திருக்கிறார். அதை அவர் அக்காவுக்குச் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இது எங்கள் சனத்துக்குத் தெரியாத விடயமும் அல்ல. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. அந்த வருடங்களில் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்றும், ஸ்ரார்ட் எடுப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோலை மருந்துபோலப் பாவித்தார்கள் என்றும் என் அம்மா சொல்லுவார். எத்தனை துளி, எந்த இடத்தில் விடுவது என்பது அப்போது வீட்டு ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்ததாம். "உங்களுக்கு?" என்று கேட்டால், "நான் போத்தல் பிடிச்சனான்" என்பார்.

ஒழுங்காகப் பார்க்க வேண்டியவை

எஞ்சின் வராவிட்டால் மனம் பதறி எல்லாவற்றையும் கழற்றக் கூடாது. இலேசானதில் இருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். எதைத் தொட முன்னரும் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சற்று முன்னர் ஓடிய எஞ்சின் என்றால் ஆற விடுங்கள்.

1. கண்ணால் பார்ப்பவை. சுவிச் போட்டிருக்கிறதா? எண்ணெய் வரும் திருகு திறந்திருக்கிறதா? அது பெற்றோல் பக்கம் இருக்கிறதா, மண்ணெண்ணெய்ப் பக்கமா? குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக்கை மூடவேண்டும். வந்தவுடன் மெல்ல மெல்லத் திறக்கவேண்டும். சூடான எஞ்சினுக்குச் சோக் தேவையில்லை. அடுத்து, மெசின் மட்டமான நிலத்தில் இருக்கிறதா? இது பலருக்குத் தெரியாது. சில மெசின்களில் எஞ்சின் ஒயில் குறைந்தால் தானாகவே பொறியை நிறுத்தும் அமைப்பு உண்டு. வரம்பில் சரித்து வைத்தாலும் ஒயில் இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். மட்டமான இடத்தில் வைத்து ஒயிலின் அளவைப் பாருங்கள். குறைவென்றால் விடுங்கள். ஒயில் இல்லாமல் ஓடவைத்தால் எஞ்சின் இறுகிப்போகும்.

2. எண்ணெய் வருகிறதா? டாங்கியில் எண்ணெய் இருந்தும் வராமல் இருக்கலாம். டாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் உண்டு. அது தூசியால் அடைத்தால் எண்ணெய் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பிறகு காபரேற்றரின் அடியில் உள்ள கிண்ணத்தின் சிறு திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். ஒன்றுமே வராவிட்டால் வழியில் அடைப்பு. மண்ணெண்ணெய் மணத்தால் அதை முழுவதும் வடியவிட்டுப் பெற்றோலைத் திறவுங்கள். போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். அந்த அக்காவின் மெசினில் இரண்டும் இருந்தன: மண்ணெண்ணெயும் தண்ணீரும். மாரி முழுவதும் மூடி தளர்ந்தபடி கொட்டிலில் கிடந்திருக்கிறது. போன போகத்தில் மிஞ்சிய பெற்றோல் டாங்கியில் கிடந்தாலும் அது சத்துக் கெட்டிருக்கும். வடித்துவிட்டுப் புதிதாக விடுங்கள்.

3. பிளக் என்ன சொல்கிறது? பிளக் கழற்றும் சாவி ஒன்று ஒவ்வொரு மெசினோடும் வரும். பெரும்பாலும் அது காணாமற் போயிருக்கும். பிளக்கின் தொப்பியை இழுத்துக் கழற்றி, சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். மண் உள்ளே விழக்கூடாது. இப்போது அதன் நுனியைப் பாருங்கள்.

நுனி காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே வரவில்லை. மீண்டும் இரண்டாவதற்குப் போங்கள்.

நனைந்து சொட்டினால் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிவிட்டது, அல்லது பொறி விழவில்லை. சோக் மூடியபடி பலமுறை இழுத்தால் இப்படி ஆகும். எண்ணெயை மூடி, சோக்கைத் திறந்து, சுவிச்சையும் நிறுத்தி, பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுங்கள். மிஞ்சியது வெளியே வந்துவிடும். முகத்தைத் துவாரத்துக்கு நேரே வைக்க வேண்டாம். பிளக்கைத் துடைத்து வெயிலில் காயவிட்டுப் பூட்டுங்கள்.

கரி பிடித்துக் கறுத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிறஸ்ஸாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் துப்புரவாக்குங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மெசினுக்குக் கரி சீக்கிரம் பிடிக்கும். நுனியில் உள்ள இடைவெளி பல மெசின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். அளக்கக் கருவி இல்லையே என்று நான் கேட்டேன். தங்கச்சி என் கைப்பையைக் காட்டி, "உங்கட வங்கிக் காட்டைத் தாங்கோ" என்றாள். பணம் எடுக்கும் அட்டையின் தடிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். எழுத்துப் புடைத்திராத ஓரத்தால் பார்க்கவேண்டும்.

4. பொறி விழுகிறதா? சிந்திய எண்ணெயை நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப் போத்தலைத் தூரக் கொண்டுபோய் வையுங்கள். பிளக்கைத் தொப்பியில் பூட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினின் இரும்பில் படும்படி, பிளக் துவாரத்துக்குத் தள்ளிப் பிடியுங்கள். றப்பர் தொப்பியைத்தான் பிடிக்கவேண்டும், இரும்பைத் தொட்டால் அடிக்கும். சுவிச்சைப் போட்டு இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். நிழலில் பார்த்தால் நீலப் பொறி தெரியவேண்டும். தெரியாவிட்டால் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் உள்ளே பழுது. அதைத் திருத்துபவரிடம் விடுங்கள்.

5. காற்று போகிறதா? எயார் பில்டரைத் திறவுங்கள். பஞ்சு என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, இரண்டு துளி எஞ்சின் ஒயில் தடவிப் பிழிந்து போடலாம். கடதாசி என்றால் தட்டித் தூசி எடுக்கலாம், கழுவக் கூடாது. சைலன்சர் வாயையும் பாருங்கள். சில மாதம் ஓடாமல் கிடந்த மெசினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். புகை வெளியே போகாவிட்டால் எஞ்சின் எழும்பாது.

6. கயிறு எப்படி இருக்கிறது? கயிற்றை முதலில் மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் இறுக்கம் தெரியும். அங்கிருந்து சற்று விட்டு, பிறகு ஒரே இழுவையாக விரைவாக இழுக்கவேண்டும். இழுத்த கயிற்றைக் கையை விட்டு எறியாமல் கூடவே கொண்டுபோய் விடுங்கள். ஒரு காலால் சட்டத்தை மிதித்துக்கொண்டால் மெசின் அசையாது. இப்படி இழுத்தால் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இலேசு. எந்த இடத்திலும் இறுக்கமே தெரியாமல் கயிறு சும்மா வந்தாலோ, அல்லது அசையவே மறுத்தாலோ எஞ்சினுக்குள் பழுது. அதற்கு மேல் நீங்கள் முயல வேண்டாம்.

மெசின் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை என்றால் அது வேறு சங்கதி. ஸ்ரார்ட் எடுக்க முன்னர் பம்பின் வயிற்றுக்குள் தண்ணீர் நிரப்பினீர்களா என்று பாருங்கள். வறண்டபடி ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சீல் எரிந்துபோகும்.

இனி முக்கியமானது: நிறுத்தும் முறை. இறைப்பு முடிய ஒரு சில நிமிடம் இருக்கும்போது மண்ணெண்ணெயை மூடிப் பெற்றோலுக்கு மாற்றுங்கள். அந்தப் பெற்றோல் காபரேற்றரை நிறைத்ததும் நிறுத்துங்கள். அல்லது நிறுத்திய பின்னர் கிண்ணத்தின் திருகைத் திறந்து மண்ணெண்ணெயை வடித்துவிடுங்கள். நாளைக் காலை கயிற்றை இழுப்பவருக்கு இன்றைக்கு மாலை நீங்கள் செய்யும் உதவி அது.

உயிருக்கு ஆபத்தானவை

கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கும். மேலே இருந்து உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே இருந்து தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் மெசினையே கிணற்றுக்குள் தட்டுப் போட்டு இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். எஞ்சின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடிய கொட்டிலுக்குள் மெசினை ஓடவிடுவதும் இதே ஆபத்துத்தான்.

இன்னும் இரண்டு. எண்ணெயைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

நாங்கள் ஏன் பழகவில்லை?

அன்று மத்தியானம் நாங்கள் மூவரும் மாமரத்துக்குக் கீழே இருந்து கதைத்தோம். மெசின் தந்த நாளில் என்ன சொல்லித் தந்தார்கள் என்று அக்காவைக் கேட்டேன். மாதர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு தம்பி வந்து ஓட்டிக் காட்டினாராம். சுற்றி நின்றது ஆம்பிளையள். பெண்கள் பின்னால் நின்றார்கள். கையெழுத்துப் போடும்போது மட்டும் முன்னுக்குக் கூப்பிட்டார்கள். "மெசின் என்ர பேரில. கயிறு வேற ஆக்களின்ர கையில" என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் உதவி வழங்கும்போது பொருளைத்தான் எண்ணுகிறோம். அதை ஓட்டத் தெரிந்த கை யாருடையது என்று எண்ணுவதில்லை. கணவரை இழந்த, அல்லது தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல. ஒவ்வொரு காலையும் அவள் யாருடைய வாசலில் போய் நிற்கவேண்டும், யார் எந்த நேரத்தில் அவளுடைய வளவுக்குள் வரலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. நல்ல மனத்தோடு உதவும் அயலவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கூப்பிடுவதும் கூப்பிடாமல் விடுவதும் எங்கள் விருப்பமாக இருக்கவேண்டும் என்பதுதான் என் கருத்து.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு சிலர் மின்சார மோட்டருக்கும் சூரிய சக்திக்கும் மாறிவிட்டார்கள். மாற வசதியில்லாதவர்களிடம்தான் பழைய மெசின்கள் இருக்கின்றன. வராத எஞ்சினுக்குள் ஊற்றிக் கெடுக்கும் ஒவ்வொரு தேக்கரண்டி பெற்றோலும் அவர்களுடைய கைக்காசு.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பிளக் சாவி, ஒரு புதுப் பிளக், ஒரு பிறஸ், ஒரு கண்ணாடிப் போத்தல்: இவற்றைச் சங்கப் பொதுவில் ஒரு பையில் வைத்திருங்கள். மாதக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு மெசினைக் கொண்டுவந்து ஒவ்வொருவரும் பிளக்கைக் கழற்றிப் பூட்டட்டும். புதிதாக மெசின் தரும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், உங்கள் கையால் மூன்று முறை ஸ்ரார்ட் எடுத்த பின்னரே கையெழுத்துப் போடுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. படிவம் நிரப்ப வரும் என்னைப் போன்றவர்களிடமும் "ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேளுங்கள்.

அந்த அக்காவின் மிளகாயில் கிணற்றடிப் பக்கத்துப் பாத்திகள் தப்பின. தள்ளி நின்றவை பிந்திவிட்டன, அந்தப் போகம் இலாபம் இல்லை. மூத்தவள் மறுநாள் பாடசாலைக்குப் போனாள். பக்கத்து வளவுக்காரர் சில நாள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, பிறகு ஒருநாள் தன்னுடைய மெசின் வரவில்லை என்று அக்காவிடம் பிளக் சாவி கேட்டு வந்தாராம். "படலையடியில வச்சுக் குடுத்தன்" என்றார் அக்கா.

தையல் தங்கச்சியை இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூப்பிடுகிறார்கள். சின்னத் தொகை வாங்குகிறாள். "ஒரு போட் எழுதிப் போடுவமா?" என்று கேட்டேன். "வேண்டாம் மிஸ், இப்பவே காணும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எதை வெளியில் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவளுடைய முடிவு. இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டி, அவளைப் பற்றிய பகுதியை அவள் சொன்னபடி திருத்திய பின்னரே இங்கே தருகிறேன். அவள் கடைசியாகச் சேர்க்கச் சொன்னது இது: "எல்லாம் பார்த்தும் வராட்டில் பரவாயில்லை எண்டு எழுதுங்கோ. திருத்துறவரிட்டைக் கொண்டுபோகேக்கை, 'எண்ணெய் வருகுது, பொறி விழேல்லை' எண்டு சொல்லத் தெரிஞ்சால் போதும். அதுக்குப் பிறகு அவர் எங்களை ஏமாத்த ஏலாது."

உங்கள் வீட்டு மெசின் எப்படி இருக்கிறது? எதில் மினக்கெட்டீர்கள், எதைக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.